தனி ஆளும் செந்தூர் வண்டியும்

ரயிலில் தனியாகப் போகிறவர் உண்மையிலேயே தனியாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. குடும்பமாக வருகிறவர்களுக்குப் பேசுவதற்கும் சண்டை போடுவதற்கும் பையைப் பார்த்துக்கொள்வதற்கும் சொந்த ஆட்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களிடம் அதிகம் நெருங்குவதில்லை. தனி ஆளுக்கு அந்த வேலி கிடையாது. அவரிடம் யாரும் வழி கேட்கலாம், இடம் கேட்கலாம், குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போகலாம். தனிப் பயணத்தில் நேரும் சின்னச் சின்ன ஆச்சரியங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இதைக் கவனிக்க மதுரையிலிருந்து திருச்செந்தூர் போகும் பாதை தோதானது. பாலக்காட்டில் காலையில் புறப்படும் பகல் வண்டி ஒன்று பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகத் திருச்செந்தூர் போய்ச் சேர்கிறது. அறுபடை வீடுகளில் பழனி, திருப்பரங்குன்றம், திருச்செந்தூர் ஆகிய மூன்றும் இந்த ஒரே தடத்தில் இருப்பதால், மொட்டைத் தலைகளும் சந்தனமும் பெட்டியில் குறைவதே இல்லை. மதுரையிலிருந்து நெல்லை சுமார் 157 கிலோமீட்டர்; அங்கிருந்து செந்தூர் சுமார் 61. மதுரையைத் தூத்துக்குடியோடு இணைத்த பாதை 1876இல் வந்தது. நெல்லையிலிருந்து செந்தூருக்குப் பிரியும் கிளைப் பாதை 1923இல் வந்தது.

முன்பதிவில்லாத பெட்டியில் இடம் பிடிப்பது முதல் கட்டம். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு நாலு பேருக்கு இடம் பிடிக்கிற குடும்பத்துக்கு முன்னால் ஒற்றை ஆள் பலவீனமானவர்போலத் தெரியும். நடப்பது நேர்மாறானது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவரைச் செருக முடியும். நாலு பேர் கொண்ட குடும்பத்தைச் செருக முடியாது. “கொஞ்சம் தள்ளிக்கோங்கண்ணே” என்ற ஒரு வார்த்தையில் தனி ஆளுக்குப் பலகையின் விளிம்பு கிடைத்துவிடும். திருமங்கலம் தாண்டுவதற்குள் விளிம்பு அரை இடமாகும். விருதுநகரில் இரண்டு பேர் இறங்கினால் ஜன்னலோரமும் ஆகும். கிடைத்த ஜன்னலோரம் நிலைப்பதில்லை. அடுத்த ஸ்டேஷனில் ஏறும் குழந்தை ஜன்னலைப் பார்த்து அழ ஆரம்பிக்கும்போது, பெட்டியில் உள்ள எல்லோருடைய கண்ணும் தனி ஆளின் பக்கம்தான் திரும்பும்.

இடம் அமைந்ததும் விசாரணை தொடங்கும். அதற்கு ஒரு நிலையான வரிசை உண்டு. எந்த ஊர், எங்கே போகிறீர்கள், என்ன வேலை என்பவை முன்னுரை. “தனியாவா வந்தீங்க?” என்பதுதான் பாடத்தின் முதல் வரி. “ஆமா” என்று சொன்னால், “வீட்ல யாரும் வரலையா தம்பி?” என்று எதிரில் இருக்கும் அம்மா அடுத்த படிக்குப் போவார். கல்யாணம் ஆகவில்லை என்ற பதில் வந்தால் உரையாடல் ஒரு நிமிஷம் நின்று, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். காரணம் கேட்கப்படும், வயது கேட்கப்படும், சொந்தக்காரப் பெண்ணோ பையனோ ஒருவர் நினைவுக்கு வருவார். இதில் வம்பு குறைவு, அக்கறை அதிகம். நாற்பது வயதுள்ளவர் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை. வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் விசாரணை அத்தோடு முடியும்.

தனியாக வரும் பெண்ணுக்கு இந்த வரிசை சற்று மாறும். கேள்விக்கு முன்பே “இங்கிட்டு வந்து உக்காரும்மா” என்று ஒரு குடும்பம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதன் பிறகு அவர் எங்கே இறங்க வேண்டும், யார் அழைத்துப் போக வருவார்கள், இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியுமா என்பவையெல்லாம் அந்தக் குடும்பத்தின் கவலையாகிவிடும். அவர் கேட்காத புளியோதரையும் கைக்கு வரும்.

பயணத்தின் பெரிய நம்பிக்கைச் சோதனை பை. தனி ஆள் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போனால் இடம் போய்விடும். பையை வைத்துவிட்டுப் போனால் இடம் இருக்கும், பை இருக்குமா என்பது தெரியாது. இந்தச் சிக்கலுக்கு எல்லோரும் கண்டுபிடித்திருக்கும் தீர்வு ஒன்றுதான்: எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, “கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்வது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அறிமுகமாகாத ஒருவரிடம் சட்டை, சார்ஜர், திரும்பிப் போகும் காசு எல்லாவற்றையும் ஒப்படைப்பதற்கு இந்த இரண்டு சொல்லே பத்திரம். ஒப்படைக்கப்பட்டவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பையின் மேல் கை வைத்தே உட்கார்ந்திருப்பார். சில சமயம் உரிமையாளரே திரும்பி வந்து எடுக்கும்போதும் ஒரு கணம் சந்தேகமாகப் பார்ப்பார்.

விருதுநகர் 1903இல் காமராஜர் பிறந்த ஊர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர், கல்யாணமே செய்துகொள்ளாமல் வாழ்ந்து முடித்தவர். “ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை?” என்ற கேள்வி திருமங்கலத்தில் எழுந்தால், விருதுநகர் பெயர்ப்பலகை வரும்வரை சமாளித்துவிட்டு அதைக் கை காட்டலாம். எதிர்க்கட்சிக்காரர்கூட மறுத்துப் பேச மாட்டார்.

இங்கிருந்து தெற்கே கரிசல் நிலமும் தின்பண்டமும் சேர்ந்து வருகின்றன. சாத்தூரில் வெள்ளரியும் காராச்சேவும், கோவில்பட்டியில் கடலை மிட்டாய், கடம்பூரில் போளி. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான் சரக்கு. ஆனால் பாகின் பதமும் கடலையின் வறுப்பும் கைக்குக் கை மாறும். இந்தப் பண்டங்கள் எதுவும் ஒருவருக்கான அளவில் விற்கப்படுவதில்லை. பொட்டலம் என்றாலே நாலு பேரை நினைத்துக் கட்டியதுதான். ஆகவே தனி ஆள் வாங்கியதில் முக்கால் பங்கு பலகை முழுக்கச் சுற்றி வரும். பதிலுக்கு முறுக்கோ, கொய்யாவோ, டிபன் டப்பாவின் மூடியில் இரண்டு இட்லியோ திரும்பி வரும். குடும்பமாக வருகிறவர் வாங்கிய பண்டத்தை மட்டுமே தின்கிறார். தனியாக வருகிறவர் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ருசி பார்த்துவிடுகிறார்.

கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே குமாரபுரம் இருக்கிறது. எல்லா வண்டியும் நிற்கும் ஸ்டேஷன் அல்ல. பக்கத்து இடைசெவல் ஊர்க்காரரான கு. அழகிரிசாமி எழுதிய ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ சிறுகதை இந்தச் சின்ன ஸ்டேஷனைத் தமிழ் வாசகர்களுக்கு நிரந்தரமாக்கிவிட்டது. பெரிய சம்பவம் எதுவும் தேவைப்படாமல், ரயிலில் எதேச்சையாகச் சந்திக்கும் மனிதர்களின் பேச்சிலேயே ஒரு கதை நின்றுவிட முடியும் என்பதற்கு அது சாட்சி. கி. ராஜநாராயணனும் அதே இடைசெவல்காரர். ஒரே கரிசல் கிராமத்திலிருந்து இரண்டு பெரிய கதைக்காரர்கள் வந்தது ஆச்சரியமாகத் தோன்றலாம். இந்தப் பாதையில் பேச்சு எவ்வளவு சரளமாகக் கிடைக்கிறது என்பதைக் கேட்டவருக்கு அந்த ஆச்சரியம் கொஞ்சம் குறையும்.

தூத்துக்குடிப் பாதை பிரியும் இடம் வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஸ்டேஷனில் நின்ற ரயில்பெட்டியில்தான். வண்டி இங்கே நிற்கும்போது யாராவது ஒரு பெரியவர் அந்தக் கதையை எடுப்பார். அவருடைய வீட்டார் நூறு தடவை கேட்டவர்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வார்கள். புதிதாகக் கேட்பதற்கு ஆள் வேண்டும். தனி ஆள் அந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர், எழுந்து போகவும் அவருக்கு வேறு இடம் கிடையாது.

நெல்லையில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் செந்தூர் போகிறவர்கள் உண்டு. யாரையும் கேட்காமல் இறங்கிவிட முடிவது தனிப் பயணத்தின் முதல் சலுகை. அதற்கான அபராதம் லாட்ஜில் காத்திருக்கும். பெரும்பாலான அறைகள் இரண்டு கட்டில் போட்டவை. ஒருவர் தங்கினாலும் வாடகை பாதியாவதில்லை. ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கும் வரவேற்பாளர், “ஒருத்தர்தானா?” என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்வார். சில இடங்களில் தனி ஆளுக்கு அறை தரவே தயங்குவார்கள். ஆட்டோவும் அப்படித்தான். மூன்று பேர் பிரித்துக்கொள்ளும் வாடகையை ஒருவரே கொடுக்க வேண்டும்.

ஓட்டலில் கணக்கு வேறு. நாலு நாற்காலி போட்ட மேஜையில் தனி ஆள் உட்கார்ந்தால் மீதி மூன்றும் அவருடையவை அல்ல. முன்பின் தெரியாத மூவர் வந்து உட்கார்வார்கள். மூவரும் அவருடைய இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அது என்ன? நல்லாருக்கா?” என்று கேட்டு அதையே சொல்வார்கள். கைகழுவப் போகும்போது நாற்காலியில் கைக்குட்டை வைத்துவிட்டுப் போகாதவர் திரும்பி வரும்போது அங்கே வேறொருவர் சாம்பாருக்குக் காத்திருப்பார்.

சாயங்காலம் டவுனுக்குப் போனால் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் கூட்டம் நிற்கும். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அல்வாவைக் கிலோக் கணக்கில் வாங்கிப் போக வந்த கூட்டம் அது. வரிசையில் நின்று கொஞ்சமாக வாங்கி, அங்கேயே நின்றபடி சூடாகத் தின்பவர்களும் இருக்கிறார்கள். “வீட்டுக்கு வேண்டாமா அண்ணாச்சி?” என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். வீட்டில் யாரும் இல்லை என்று விளக்குவதைவிட அரைக் கிலோ வாங்கிவிடுவது சுலபம். அது மறுநாள் ரயிலில் எப்படியும் தீர்ந்துவிடும்.

நெல்லையிலிருந்து செந்தூர் வண்டி தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் என்று போகும். கரிசல் போய் வயலும் வாழைத் தோட்டமும் வந்துவிடும். பிறகு நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். அரை மணிக்கொரு தடவை ஊரின் தன்மை மாறுவதால், இந்தக் கிளைப் பாதையில் ஜன்னலை விட்டுக்கொடுப்பதுதான் பெரிய தியாகம்.

செந்தூரில் கடலும் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் கடலில் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். தனி ஆள் கடலில் இறங்கினால் செல்போன், பணம், செருப்பு மூன்றையும் கரையில் யார் பார்ப்பார்? ரயிலில் பழகிய உத்தியே இங்கும் உதவும். துணி காயவைத்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு குடும்பத்திடம் பையைக் கொடுக்கலாம். அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்களும் குளிக்கப் போகும்போது அவர்களுடைய ஐந்து பைகளுக்கும் காவல் இருப்பது தனி ஆளின் முறை. கடற்குளியலுக்குப் பிறகு நாழிக்கிணறு. கடலுக்கு இவ்வளவு அருகில், படியிறங்கிப் போகும் ஒரு சிறிய கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் ஊறுகிறது. முதல் தடவை பார்க்கிறவர் உதட்டை நக்கிப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதில்லை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிக்குள் போக வேண்டும். சட்டைப் பையில் எதையெல்லாம் வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். வெளியே வரும்போது பன்னீர் இலையில் மடித்த விபூதி கைக்குக் கிடைக்கும்.

கோபுரத்தின் முன்னால் படமெடுப்பது அடுத்த கட்டம். தன்னை யாரும் எடுக்காத ஒருவரைக் கூட்டம் எளிதில் கண்டுகொள்ளும். “ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?” என்று கேட்டு வரும் செல்போன்களை வாங்கி, பாட்டியை நடுவில் நிறுத்தி, கண்ணை மூடிய பேரனுக்காக இரண்டாம் தடவையும் எடுத்துக் கொடுத்து முடிக்கையில், அவர் பல வீட்டு ஆல்பங்களுக்குப் பணி செய்தவராகியிருப்பார். அவருடைய செல்போனில் கடல் மட்டும் இருக்கும்.

சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு இரவில் செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நெல்லை, மதுரை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று சுற்றி மறுநாள் காலை எழும்பூர் சேரும். இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் ஒவ்வொரு அறைக்கும் எட்டுப் படுக்கைகள்: கீழே இரண்டு, நடுவில் இரண்டு, மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. பழைய பெட்டியில் மொத்தம் 72, புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. அறுபது வயதான ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. பெண்களுக்கென்று தனியாக ஆறு படுக்கைகளும் உண்டு. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒரு குடும்பம் எப்படியோ மூன்று பெட்டிகளில் சிதறி நிற்கும். அவர்களை ஒன்று சேர்க்க நகர்த்தக்கூடிய ஒரே ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. “நீங்க தனியாத்தானே வந்திருக்கீங்க, சார்?” என்ற கேள்விக்கு இப்போது விசாரணைப் பொருள் கிடையாது, அது விண்ணப்பம்.

கீழ்ப்படுக்கையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறுவதில் நஷ்டம் அதிகமில்லை. நடுப் படுக்கை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான். அதற்குப் பிறகு அதில் படுத்திருந்தவர் அதை மடக்கிவிட்டுக் கீழே உட்கார வேண்டும். கீழ்ப்படுக்கைக்காரரும் அவரோடு எழுந்தாக வேண்டும். மேல் படுக்கைக்கு அப்படி நேரக் கட்டுப்பாடு இல்லை. அங்கே எட்டு மணி வரை தூங்குகிறவரை இடம் கேட்டும், ஊர் கேட்டும், கல்யாணம் கேட்டும் யாரும் எழுப்புவதில்லை. காபி விற்பவர் மட்டும் எழுப்புவார்.