கோத்தா பாருவில் ஒரு கொடுக்கல் வாங்கல்



கடல் கடந்து வாணிபம் செய்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. சரக்கு கட்டவும் கணக்கு எழுதவும் நம் முன்னோர் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆனால், சென்று இறங்கும் ஊராரின் இயல்பை அறிந்து பழகும் கலையை நாம் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறோம்? மதரஸாவில் பாடம் சொல்லும் என்னை இவ்வாறு கேட்க வைத்த ஊர், மலேசியாவின் கிளந்தான் மாநிலத் தலைநகரான கோத்தா பாரு.

2019-ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதம். கைலி நெய்விக்கும் தொழில் செய்யும் என் மைத்துனருக்கு ஆங்கிலம் வராது. ஆகவே துணைக்கு என்னை அழைத்துச் சென்றார். தறிகளுக்காகப் பட்ட கடன் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட நம் கைலியை மலாய் மக்கள் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான். ஊரின் பெயரையே துணிக்குச் சூட்டிய நாட்டில் நம் சரக்கு விலைபோகாதா என்பது அவருடைய நம்பிக்கை.

கிளந்தானை 'செராம்பி மக்கா', அதாவது மக்காவின் முற்றம் என்று அழைப்பர். அங்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. கடைகளின் பெயர்ப் பலகைகளில் அரபு எழுத்தில் மலாய் மொழி எழுதப்பட்டிருக்கும். அதனை ஜாவி என்பர். தெருவெங்கும் தெரிந்த எழுத்துகளைக் கண்டு உள்ளம் பூரித்தேன். ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்தேன். ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் விளங்கவில்லை.

அவ்வூரின் பெரிய சந்தைக்குப் 'பசார் சித்தி கதீஜா' என்று பெயர். வணிகம் செய்து வாழ்ந்த அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் திருப்பெயரைத் தாங்கிய அச்சந்தையில், கடை நடத்துவோரில் பெரும்பாலார் பெண்களே. முக்காடிட்ட தாய்மார்கள் காய்கறிக் குவியல்களின் நடுவே கம்பீரமாக அமர்ந்து விலை பேசும் காட்சி, காணத்தக்கதாகும். மேல் தளத்தில் பாத்திக் துணிகளும் கைலிகளும் அடுக்கப்பட்டிருக்கும்.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரைச் சந்தித்தோம். எங்களூர்க்காரர் ஒருவர் அங்கு உணவகம் நடத்துகிறார்; அவரிடம் வேலை செய்யும் பையன் எங்கள் பேச்சை மொழிபெயர்த்தான். அம்மையார் துணியைத் தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். விலையைக் கேட்டதும் புன்னகைத்து, "தெங்கோக் டுலு" என்றார். முதலில் பார்ப்போம் என்பது அதன் பொருள். மைத்துனர் மகிழ்ந்து போனார். "பாதி முடிஞ்ச மாதிரிதான் மச்சான்" என்றார்.

மறுநாளும் சென்றோம். விலையைக் குறைத்தோம். அதே புன்னகை, அதே சொல். மைத்துனர் பொறுமையிழந்தார். நம் கடைத்தெரு வழக்கப்படி குரலை உயர்த்தி, எதிர்க்கடையை ஆட்காட்டி விரலால் சுட்டி, "அங்கே இருக்கிற துணியைவிட இது மட்டமா? வேணும், வேணாம், ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தனர். அம்மையாரின் முகம் வாடியது. ஆயினும் புன்னகை மாறவில்லை. திரும்பும் வழியில் மைத்துனர், "நம்மை அலைய வைக்கிறாங்க. உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு" என்றார். நானும் ஆம் என்று தலையாட்டினேன்.

அன்றிரவு உணவகத்துக் காக்காவிடம் முறையிட்டோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "முதல் நாளே அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க தம்பி. வந்தவங்க முகத்துக்கு நேரே இல்லைன்னு சொல்றது இவங்களுக்கு மரியாதைக் குறைவு. 'பார்ப்போம்'னு சொன்னா, வற்புறுத்தாமப் போயிட்டு வாங்கன்னு அர்த்தம். நீங்க நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டதுதான் தப்பு. ஆட்காட்டி விரலை வேற நீட்டியிருக்கீங்க. இங்கே எதைக் காட்டினாலும் வலக்கைக் கட்டை விரலாலேதான் காட்டுவாங்க."

வாசகர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மனிதர் பல இனங்களாய்ப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பதை, அல்ஹுஜுராத் அத்தியாயப் பாடத்தில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குபவன் நான். தீய எண்ணம் கொள்வதைத் தடுக்கும் கட்டளையும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. பண்போடு மறுத்த ஒரு சகோதரியை நயவஞ்சகர் போல் எண்ணிவிட்டோமே! அவருடைய புன்னகையையும் பெயர்ப் பலகைகளைப் படித்தது போலவே, பொருள் விளங்காமல் படித்திருந்தேன்.

மூன்றாம் நாள் காக்காவையும் அழைத்துக்கொண்டு சென்றோம். துணிப்பையை எடுத்துச் செல்லவில்லை. சலாம் கூறி மன்னிப்புக் கேட்டோம். அம்மையார் அதைக் கேளாதவர் போல் எங்களுக்கு இருக்கை தந்து, தேநீர் வரவழைத்தார். எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள், உம்மா நலமா என்று வினவினார். துணியைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. விடைபெறும்போது அவரே, அடக்கமான குரலில், "ஒரு கோடி கொண்டு வாருங்கள்" என்றார்.

கோடி என்றதும் மைத்துனர் திகைத்து நின்றார்! துணி வணிகத்தில் மலாய்க்காரர்கள் இருபது உருப்படிகளையே 'கோடி' என்கிறார்கள் என்று காக்கா விளக்கிய பின்னர்தான் அவருக்கு மூச்சு வந்தது.

மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த கைலிகளில் இருபதை மாலையில் கொண்டு சென்றோம். பணத்தை நீட்டிய அம்மையார், 'பெலி' என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வாங்குகிறேன் என்பது பொருள். மைத்துனர் பணத்தை எண்ணுவதில் ஆழ்ந்திருந்தார். அம்மையார் மீண்டும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈஜாப், கபூல்! விற்பவரும் வாங்குபவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே நம் ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கூற்று. வழக்கத்தில் விற்பனையாகக் கருதப்படுவது சொல்லின்றி நடந்தாலும் செல்லும் என்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தேர்ந்தார்கள். நாம் அந்தச் சலுகையிலேயே வாழ்ந்து பழகிவிட்டோம். அவர்களோ, ஒரு முழக் கைலிக்கும் அச்சொல்லைப் பேணுகிறார்கள். "'ஜுவால்'னு சொல்லுங்க மச்சான்" என்றேன். விற்றேன் என்று மைத்துனர் சொன்ன பிறகே அம்மையார் துணியைக் கையில் எடுத்தார்.

வேண்டாம் என்பதைச் சொல்லாமல் உணர்த்துகிறவர்கள், விற்றேன் வாங்கினேன் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவதில்லை. நாமோ மறுப்பை உரத்துச் சொல்லி, உடன்பாட்டை மௌனத்தில் முடிக்கிறோம். மார்க்கமும் மத்ஹபும் ஒன்றாயிருந்தும் பழக்கம் இத்தனை வேறுபடுமானால், பிற சமயத்தாரோடும் பிற நாட்டாரோடும் தொழில் செய்யும் நம் பிள்ளைகள் எவ்வளவு கவனமாயிருக்க வேண்டும்!

இருபது கைலிகளால் மைத்துனரின் கடன் தீர்ந்துவிடவில்லை. ஊர் திரும்பியதும் அவர் என்னிடம் கேட்டது வேறொன்று: "அந்த அம்மாவைத் தப்பாப் பேசினதுக்கு அல்லாஹ் மன்னிப்பானா மச்சான்?" உங்கள் வீட்டிலிருந்து அயல்நாடு செல்லும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும்போது, அந்நாட்டார் எவ்வாறு மறுப்பார்கள், எவ்வாறு இசைவார்கள் என்பதையும் கேட்டறிந்து சொல்லி அனுப்புங்கள். நல்லெண்ணத்தோடு பழகும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.