எத்தனை இறக்கை வேணும்?



காற்றாலைக்கு எத்தனை இறக்கை என்று கேட்டால் எல்லோரும் யோசிக்காமல் "மூணு" என்று சொல்வீர்கள். பாடப் படங்களில் மூன்று. கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழி பக்கத்தில் முப்பந்தலில் வரிசையாக நிற்கிற காற்றாலைகளுக்கும் மூன்றுதான். அப்படியானால் எங்கள் குழு செய்த ஆறு இறக்கைக் காற்றாலை தப்பா? இந்தக் கேள்விதான் எங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்தது!

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு வகுப்புக்கு ஒரு மாதிரிதான் அனுப்பலாம். பையன்கள் செய்தது மூன்று இறக்கை. "உங்களுது திருவிழாக் காத்தாடி, எங்களுதுதான் நிஜக் காற்றாலை" என்று ஒரே கிண்டல். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. சார் யார் பக்கமும் பேசவில்லை. "சண்டை போடாதீங்க, அளந்து காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

பழைய ஹவாய் செருப்பில் ஒரு வட்டம் வெட்டினோம். ஐஸ் குச்சியில் நோட்டு அட்டையை ஒட்டி, அந்த ரப்பரில் குத்தினோம். குச்சியைத் திருகினால் இறக்கையின் சாய்வு மாறும். வட்டத்தை உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரில் மாட்டினோம். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் சுற்றும். நாம் சுற்றினால் அது கரண்ட் கொடுக்கும். எதிரே மூன்றடி தூரத்தில் டேபிள் ஃபேன். அளக்க மல்டிமீட்டர். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்" என்பது சார் போட்ட ஒரே விதி.

முதலில் சாய்வு. மூன்று இறக்கைதான், கோணத்தை மட்டும் மாற்றினோம். அட்டையின் முகம் முழுசாக ஃபேனைப் பார்த்தபடி இருந்தபோது சுத்தவே இல்ல. காற்று பின்னால் தள்ளுகிறதே தவிர பக்கவாட்டில் தள்ளவில்லை. விளிம்பு மட்டும் ஃபேனைப் பார்த்தபோதும் சுத்தல. நடுவில்தான் விஷயம்! முகம் 15 டிகிரி திரும்பியபோது 0.6 வோல்ட், 30 டிகிரியில் 0.4, 45 டிகிரியில் 0.2. ஆனால் 15 டிகிரியில் கையால் ஒரு தட்டு தட்டினால்தான் கிளம்பியது. 45-இல் தானாகவே கிளம்பி மெதுவாகச் சுற்றியது.

அடுத்து எண்ணிக்கை. இரண்டு குழுவுக்கும் ஒரே அட்டை, ஒரே 30 டிகிரி. மூன்று இறக்கை 0.4 வோல்ட், ஆறு இறக்கை 0.3. பையன்கள் கைதட்டினார்கள்.

"இன்னும் முடியல" என்றோம். மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பென்சிலை அச்சாக்கி, அதில் நூல் கட்டி ஒரு பேப்பர் கப்பைத் தொங்கவிட்டோம். கப்பில் புளியங்கொட்டை. மூன்று இறக்கை 11 கொட்டை வரை தூக்கியது, பிறகு நின்றுவிட்டது. எங்கள் ஆறு இறக்கை ஆடி அசைந்து 24 கொட்டையைத் தூக்கியது! இப்போது கைதட்டியது நாங்கள்.

அப்போதுதான் சார் விளக்கினார். இறக்கை கூடினால் சுழற்றும் விசை கூடும், வேகம் குறையும். குறைந்தால் வேகம் கூடும், கிளம்பும் பலம் குறையும். கரண்ட் எடுக்க வேகம் வேணும். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க, மெதுவான காற்றிலும் கிளம்புகிற பலம் வேணும். நம்ம மாவட்டத்திலேயே ஆரோவில்லில் தண்ணீர் இறைக்கிற காற்றாடிகளைப் பாருங்கள், அவற்றுக்கு நிறைய இறக்கைகள்!

இது நாங்கள் மட்டும் போட்ட சண்டை இல்லை. 1888-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் கரண்டுக்காகக் கட்டிய காற்றாலைக்கு 144 இறக்கைகள். 17 மீட்டர் அகலம் இருந்தும் கிடைத்தது 12 கிலோவாட்தான். டென்மார்க்கில் பால் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர் 1891-இல் தன் பள்ளியிலேயே ஒரு காற்றாலை அமைத்தார். பிறகு காற்றுக் குழாய் செய்து, அதில் சின்னச் சின்ன மாதிரிகளை வைத்துச் சோதித்தார். கரண்டுக்கு வேகமாகச் சுழலும் கொஞ்ச இறக்கைகளே நல்லது என்று கண்டுபிடித்தார். அவரும் நம்ம மாதிரி வகுப்பறை ஆள்தான்!

கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்தோம். தண்ணீர் பாட்டிலை வெட்டி வளைவான இறக்கை மூன்று. குழிந்த பக்கம் ஃபேனைப் பார்க்க, 15 டிகிரி. 0.8 வோல்ட்! வளைவு காற்றை நன்றாகத் திருப்பிவிடுகிறது. காற்று திரும்பும்போது இறக்கையை அதிகமாகத் தள்ளுகிறது. நிஜக் காற்றாலை இறக்கையும் தட்டையாக இருக்காது. அடியிலிருந்து நுனி வரை முறுக்கியும் இருக்கும். ஏனென்றால் நுனிதான் அதிக வேகத்தில் ஓடுகிறது.

"ராஜகிரி மேல காத்து ஆளையே தள்ளுதே சார், அங்க ஒண்ணு வைக்கலாமா?" என்று ஒருவன் கேட்டான். "கோட்டை 2025-ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிடுச்சுப்பா, உன் வீட்டு மாடியில வை" என்றார் சார்.

கண்காட்சிக்கு ஒரே பலகையில் இரண்டையும் பொருத்தி அனுப்பினோம். ஒன்றில் 'கரண்டுக்கு', இன்னொன்றில் 'தண்ணீருக்கு' என்று சீட்டு ஒட்டினோம். படத்தில் இருப்பது போல இருந்தால்தான் சரி என்று யாராவது சொன்னால், "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அளந்தும் பாருங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி