ஒற்றைக் கண்ணின் நீர்

அப்பா மறைந்த ஆண்டின் சாரல் காலத்தில் அம்மாவின் இடக்கண்ணில் நீர் வழியத் தொடங்கியது. துக்கம் என்றே எண்ணினோம். மூக்கோரத்து இமை சிவந்து பீளை கட்டியபோது, ஐந்தருவிக் குளியலின் வினை என்று குற்றாலத்து நீரைப் பழித்தோம். தென்காசி மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்துகளோடு எட்டு மாதங்கள் கழிந்தன.

கண்புரைக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. மருத்துவர் இமையோரத்தை அழுத்தியதும் கண்ணீர்த் துளை வழியே சீழோடு ரவை போன்ற மஞ்சள் மணிகள் வெளிவந்தன. ஆய்வகச் சோதனை ஆக்டினோமைசிஸ் என்றது. 1878இல் மனிதரிடம் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் இஸ்ரேலின் பெயரை இதன் ஓர் இனம் தாங்கியிருக்கிறது. கண்ணீர்க் குழாயில் அரிதாகவே குடியேறும் பாக்டீரியா இது. இழையிழையாய் வளர்வதால் நெடுங்காலம் பூஞ்சை என்று கருதப்பட்டது. பிராணவாயு இல்லாத இடத்தில் மெல்ல வளர்வதால் வழக்கமான சோதனையில் தப்பிவிடக்கூடும். மணிகளுக்குள் பதுங்குவதால் சொட்டு மருந்தும் எட்டாது. குழாயைச் சிறிதே கீறி, மணிகளைச் சுரண்டியெடுத்து, பெனிசிலின் வகை மருந்து கொடுத்தார்கள். புரை அறுவை அதன் பிறகே.

அந்தக் கிருமி மனித வாயில் இயல்பாகவே வாழ்வது என்று பின்னர் அறிந்தோம். அருவியின் மீது பழியில்லை. துக்கம் ஒரு கண்ணில் மட்டும் வழியாது; அதை அன்றே கவனித்திருந்தால் அம்மா எட்டு மாதம் வதைபட்டிருக்க மாட்டார்.