சம்மரியில் இல்லாத ஒரு வரி

அந்த அம்மா வழக்கறிஞரான என் மேசையில் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி, மடித்து மடித்து மடிப்போரம் கிழிந்திருந்தது. எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை செய்துகொண்ட அவர் கணவர், வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி இறந்துபோனார். "மூணு நாளா ஒத்தக் கால் வீங்கியிருந்துச்சு சார். நடந்த வலின்னு நெனச்சு எண்ணெய் தடவினேன்" என்றார்.

பருமனான உடலும் அறுவையும் படுக்கையும் சேர்ந்தால் காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சீக்கிரமே நடக்க வைக்கிறார்கள், கெண்டைக்காலை அழுத்தும் உறை மாட்டுகிறார்கள், வயிற்றுத் தோலடியில் ஹெப்பாரின் ஊசி போடுகிறார்கள். இவையெல்லாம் செய்ததாகப் பதிவேடு சொன்னது. ஆனால் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை வீடு திரும்பிய பிறகே வருகின்றன. சம்மரியில் புரதப் பொடிக்கு வேளை குறித்திருந்தது; கால் வீங்கினால் உடனே வரவேண்டும் என்று ஒரு வரி இல்லை.

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் சேவையே என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், நுகர்வோர் மன்றத்துக்குப் போனோம். வீட்டிலும் ஊசியைத் தொடர்வதா என்பதில் மருத்துவர்களே வேறுபடுவார்கள். ஏற்கப்பட்ட இரு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தது அலட்சியமாகாது. ஆகவே ஊசியை விட்டுவிட்டு, அந்த இல்லாத வரியைப் பற்றியே வாதாடினேன். அது சேவைக் குறைபாடு என்று மன்றம் ஏற்றது.

அடுத்த கேள்வியில் வழக்கு நின்றுபோனது: அவர் ரத்தக் கட்டியால்தான் இறந்தாரா? பிரேதப் பரிசோதனை இல்லை. சான்றிதழில் மாரடைப்பு என்றிருந்தது. நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. "அவரை அறுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்று அந்த அம்மா அழுதார். குறைபாட்டுக்கு ஒரு சிறு தொகை கிடைத்தது. சாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். சான்றில்லாமல் ஒருவர்மேல் உயிர்ப்பழி சுமத்தக் கூடாது. ஆனால் அந்தச் சான்றைத் தேட வேண்டிய நேரம், துக்கத்தில் யாருக்கும் எதுவும் தோன்றாத நேரமாக அமைந்துவிடுகிறது.

இந்த அறுவை முடிந்து யாரையாவது வீட்டுக்கு அழைத்து வருபவர்கள், ஊசி எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ எண்ணெய் தடவிக் காத்திருக்காமல், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.