ரிப்போர்ட்டில் நெகட்டிவ்... வயிற்றில் எரிச்சல்!

பாகூர் பக்கத்துக் கிராமம். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகும் பெண் அவர். மலத்தில் ரத்தமும் சளியும் போனபோது, "மூலமாத்தான் இருக்கும்" என்று ஊரே சொன்னது. கருணைக்கிழங்கு சாப்பிட்டே பத்து மாதம் ஓடியது. நடவு வயலில் கழிப்பறை ஏது? வேலை நாளில் காலையில் ஒரு வாய் கஞ்சிகூட குடிக்க மாட்டார்.

கடைசியில் கோரிமேடு ஜிப்மருக்குப் போனார். கொலோனோஸ்கோப்பி செய்து, குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அல்சரேட்டிவ் கொலைடிஸ்... பெருங்குடலின் உட்சுவரில் புண். மெசலமைன் மாத்திரையில் மூன்றே மாதத்தில் தேறினார்.

அப்போதுதான் நாத்தனார் சொன்னார்: "அண்ணி, இப்பல்லாம் ரத்தத்துலயே தெரிஞ்சிடுமாம்." டவுனில் ஒரு லேப். நாலு நாள் கூலி போச்சு. 'பி-ஆன்கா நெகட்டிவ்' என்று வந்தது. "உனக்கு ஒண்ணுமில்ல புள்ள" என்று கணவர் சிரித்தார். மாத்திரை நின்றது.

ஆறே வாரம். ஒரு நாளைக்கு எட்டு முறை, ரத்தத்தோடு.

மறுபடி போனபோது மருத்துவர் திட்டவில்லை. "எங்ககிட்ட கேட்டிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான்.

பி-ஆன்கா என்பது நம் வெள்ளை அணுக்களுக்கு எதிராக உடம்பே உருவாக்கும் ஆன்டிபாடி. இந்த நோய் உள்ளவர்களிலும் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் அது தென்படும். ஆகவே நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நோய் கூடுகிறதா, குறைகிறதா என்பதையும் அது சரியாகக் காட்டாது. அதற்கு மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் மறுபடி கொலோனோஸ்கோப்பி. இதை ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி தமிழில் அச்சிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ரத்தப் பரிசோதனையே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2021-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு, இன்டெக்ரின் என்ற புரதத்தின் ஒரு வகைக்கு எதிரான ஆன்டிபாடியை இந்த நோயாளிகளில் 92 சதவிகிதம் பேரிடம் கண்டது. மற்றவர்களில் சுமார் 5 சதவிகிதம் பேரிடம்தான். நோய் கூடினால் அதன் அளவும் கூடியது. ஆனால், நம் ஊர் லேப்களில் அது இன்னும் வழக்கமான பரிசோதனையாகவில்லை.

அவர் இப்போது மாத்திரையை விடுவதில்லை. வயலுக்கும் போகிறார், கஞ்சி குடித்துவிட்டு. அந்த நெகட்டிவ் ரிப்போர்ட் மட்டும் சாமி மாடத்தில் மஞ்சள் பைக்குள் அப்படியே இருக்கிறது. "கிழிச்சுப்போட மனசு வரலை. நாலு நாள் கூலியாச்சே!"