ஜன்னலோர இருக்கை ஈடாகாது

கொல்கத்தாவுக்குப் போகிறவர்களுக்கு டம்டம் விமான நிலையம் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்சி தேடும் இடம். ஆனால் 1929 பிப்ரவரியில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் வங்காளப் பறத்தல் கழகத்தைத் திறந்துவைத்தது இங்கேதான். அதே மாதம்தான் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு இந்தியாவின் முதல் விமானி உரிமம் கிடைத்தது. அதற்கும் 40 ஆண்டு முன்பே, 1889-இல், ராமசந்திர சாட்டர்ஜி என்ற ஜிம்னாஸ்டிக் கலைஞர் இந்த நகரத்திலிருந்து பலூனில் தனியாக மேலே போனார். போய்ச் சேர வேண்டிய ஊர் என்று அவருக்கு எதுவும் இல்லை. சும்மா பறப்பதென்பது இங்கே அவ்வளவு பழைய ஆசை.

அந்த ஆசையைக் கைவிட நேர்ந்தவரின் வலி, காட்சி போய்விட்டதால் வருவதில்லை என்பதே என் கட்சி. ஹூக்ளியையும் கிழக்கே பளபளக்கும் மீன் வளர்ப்புக் குளங்களையும் டிக்கெட் வாங்கிய எவரும் பார்த்துவிடலாம். சிறு விமானத்தை ஓட்டுகிறவர் கிளம்பும் முன்பே வேலையில் இறங்கிவிடுகிறார். டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். வங்கத்தின் ஈரக்காற்றில் டாங்குக்குள் தண்ணீர் சேரும். சேர்ந்தால் அது குவளையின் அடியில் தனியே நிற்கும். சித்திரை மாதத்தில் வடமேற்கு கறுத்தால் கால்பைசாகிப் புயல் வரப்போகிறது என்று அர்த்தம். இன்று வேண்டாம் என்று அவரே முடிவெடுக்க வேண்டும். பறப்பதை விட நேரும்போது அந்த முடிவெடுக்கும் உரிமைதான் பறிபோகிறது. வீட்டில் சிமுலேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அதில் வரும் புயலை ஒரு பொத்தானில் அணைத்துவிடலாம். அங்கே முடிவுக்கு என்ன கனம்?

பணக்காரர் விளையாட்டுக்கு இத்தனை புலம்பலா என்ற கேள்வியில் பாதி நியாயம் உண்டு. தனியார் விமானி உரிமத்துக்கே குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணியும் காசு. ஆனால் செலவு கூடியதால் இழப்பு பொய்யாகிவிடாது. கண்ணும் இதயமும் தளர்ந்தால் நிறுத்தத்தானே வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிய தபால் விமானப் பயணத்தை டாட்டா 1982-இல் தம் 78-ஆம் வயதில் தனியாக மறுபடி செய்தார். அது எல்லோருக்கும் வாய்க்காது. ‘இன்று வேண்டாம்’ சொல்லிப் பழகியவருக்குக் கடைசி மறுப்பு எளிதாக இருக்குமே என்று தோன்றலாம். அந்தப் பழைய மறுப்புகளுக்கெல்லாம் ஒரு நாளை இருந்தது. இதற்கு இல்லை, இதை எழுதுவதும் மருத்துவரின் பேனா. உடம்பு நன்றாக இருக்கும்போதே விட நேர்வது இன்னும் கசப்பு. ஜெட் விமானங்கள் வரிசைகட்டும் டம்டம்மில் பொழுதுபோக்கு விமானிக்கு யார் இடம் ஒதுக்கப்போகிறார்கள்?