குரங்குக் கணக்கு

காலையில கூரைத் தகரத்துல டமடமன்னு சத்தம்.
லயத்துக்குப் பின்னால போட்ட போஞ்சியில பாதி போச்சு.

அம்மா டப்பாவத் தட்டினாங்க. குரங்கு ஓடிச்சு.
நான் கெட்டபோலத் தூக்கினேன். உக்காந்து பாத்துச்சு.
(நோர்வூட்ல நம்ம மரியாதை அவ்வளவுதான்.)

சட்டை மாட்டின பொம்மை, கயித்துல ஆடுற பழைய சிடி, வெடி... எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் பழகிருதுங்க. ஆளு நின்னாத்தான் பயம். எல்லாரும் கொழுந்துக்குப் போனா யாரு நிக்கிறது?

2023ல இலங்கையில இருந்து ஒரு லட்சம் குரங்க சீனாவுக்கு அனுப்புற பேச்சு வந்துச்சு. எதிர்ப்பு வந்துச்சு, வழக்கு வந்துச்சு, குரங்கு போகல.
2025 மார்ச் 15, காலை 8 மணிக்கு நாடு முழுக்க குரங்கு, மயில், மர அணில் எண்ணினாங்க. அஞ்சே நிமிசம்! சிரிச்சோம். ஆனா நேரம் கூடினா ஒரே குரங்கு ரெண்டு தோட்டத்துல கணக்காகும்ல?

குரங்காவது பரவாயில்ல. மலையில குளவி கலைஞ்சா ஓட வேண்டியது நாங்க. அதுக்கு டப்பாவும் இல்ல, பொம்மையும் இல்ல. கூட்ட முன்னாடியே பாத்து, அந்தப் பக்கம் ஆள் அனுப்பாம இருக்கணும்.

அத யாரு பாக்கணும்?